இரண்டரைக் கட்டை மாமியார்

போன மாதம் ஒரு காலையில் மைசூர் விஜயநகரில் இருக்கும் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். மைசூரில் நாடகக் குழு நடத்துகிறவர்கள். நான் வேலை பார்த்த கம்பெனி ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடிய கன்னட நாடகம் ஒன்றை மறுபடி மேடையேற்றப் போகிறார்களாம். ஒரு மாமியார், ஒரு மருமகள், அவ்வளவுதான் கதை. அந்த மாமியாராக முப்பது வருஷம் நின்றவள் நான். அதனால் ஆசீர்வாதம், அறிவுரை, அப்படியே ஒரு போட்டோ என்று மூன்றையும் ஒரே நடையில் முடித்துக்கொள்ள வந்திருந்தார்கள்.

மாமியாராக நடிக்கப் போகும் பெண்ணின் பெயர் ரக்ஷிதா. இருபத்து நாலு வயதுதான் இருக்கும். பேச்சில் பாதி கன்னடம், கால் இங்கிலீஷ், மிச்சம் இருந்தால் தமிழ்.

"ஆன்ட்டி, அந்த சாகற ஸீன் பாட்டு தும்ப லோ, ரொம்ப லோ ஆன்ட்டி. ஆனா டென்ஷன் இல்ல. காலர் மைக் இருக்கு, கட்டைய ஆப்லயே மாத்திக்கலாம்," என்றாள்.

கட்டை என்பது பாடுகிறவரின் சுருதி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கு நாங்கள் சொல்லும் கணக்கு. பெண்களுக்குப் பொதுவாக ஐந்து, ஐந்தரை. எனக்கு இரண்டரை. ரக்ஷிதா தன் போனில் விரலால் ஒரு தள்ளு தள்ளிக் காட்டினாள். ஐந்தரையில் இருந்த சுருதி இரண்டரைக்குச் சறுக்கிக்கொண்டு இறங்கியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த மூன்று கட்டை இறங்குவதற்கு எங்கள் கம்பெனியில் நடந்த கூத்து அவளுக்கு எப்படித் தெரியும்!

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "ஆன்ட்டி, லாஸ்ட் கேள்வி. இத்தன வருஷத்துல ஒரு ஹீரோயின் ரோல்கூட சிக்கலியே, பேஜார் இல்லியா?"

"இல்லம்மா," என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்திய பிறகு மனசு கேட்கவில்லை. ஒற்றை வார்த்தையில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் படித்ததெல்லாம் கன்னடப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்து வீட்டில் அப்பா சொல்லிக்கொடுத்தது, ஆகவே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் மாதம்மா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஹனூர் பக்கம் கேழ்வரகும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். குரல் பிறவியிலேயே இப்படித்தான். இன்றைக்கும் கேஸ் சிலிண்டருக்குப் போன் செய்தால், "சார், மேடம்கிட்ட குடுங்க, பேரு அவங்க பேர்ல இருக்கு," என்பார்கள். நானும் சில நாள் சலித்துப்போய், "மேடம் குளிச்சிட்டு இருக்காங்க," என்று சொல்லிவிடுவேன்.

சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்களோடு சேர்ந்து நானும் பாடிக்கொண்டு போவேன், ஆண்கள் கூட்டத்தில் நின்று. ஒரு வருஷம் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் மலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அப்படிப் பாடியதை ஒருவர் கேட்டார். பக்கத்தில் முகாமிட்டிருந்த நாடகக் கம்பெனியின் ஆர்மோனியக்காரர். நேரே அப்பாவிடம் வந்து பேசினார். அப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் சாப்பிட்டார், நான் கம்பெனியில் சேர்ந்தேன்.

பின்னால் வந்த பேரும் புகழும் கொஞ்சமில்லை. கொடுமைக்கார மாமியார், ராஜமாதா, சாராயக் கடைக்காரி, சூனியக்காரி என்று நல்ல பெண் செய்யாத வேலை எல்லாம் மேடையில் செய்தேன். பத்திரிகைக்காரர்கள் நாயகியைவிட எனக்கு இரண்டு வரி அதிகம் எழுதிய நாட்கள் உண்டு. மாண்டியா முகாமில் வில்லன் மந்திரி வேஷக்காரருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. கன்னம் இரண்டும் பூசணிக்காய். மீசையை ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் நான்தான் மந்திரி. ஆட்டம் முடிந்ததும் மந்திரியின் கையைக் குலுக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் வெளியே நின்றிருந்தார். புடவையில் அவர் முன்னாலேயே மூன்று தடவை போய் வந்தேன், அவர் என் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்தப் புகழ் என் மகன் கல்யாணத்தில் குறுக்கே வந்ததுதான் வேடிக்கை. ஹனூரிலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்ததும் நாற்காலியில் உட்காராமல் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, மருமகளுக்குத் தண்ணி குடுக்காத மகராசி இவீகதானுங்களே?" என்று புருஷனைக் கேட்டார்.

"அது நாடகம்," என்றார் அவர்.

"நாடகந்தானுங்க. ஆனா அத்தன நெசமா வருதுன்னா உள்ளார கொஞ்சமாச்சும் இருக்கோணுமல்லோ?"

அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு எந்த மேடையிலும் கிடைக்கவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அந்த அம்மாளின் கையில் கொடுத்தேன். அவர் என்னையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் குடித்தார். சம்பந்தம் முடிந்தது. என் மருமகள் கவிதா இன்றைக்கும் ஆபீஸ் கிளம்பும்போது, "அத்தை, தண்ணி குடுங்க," என்று வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பாள்.

இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வந்தவை. அந்த ஞாயிறு மட்டும் வேறு மாதிரிப் போயிருந்தால் நான் திங்கட்கிழமை ஹனூருக்கு பஸ் ஏறியிருப்பேன்.

முதல் ஏழு வருஷம் எனக்குக் கிடைத்தது பாத்திரம் கழுவுகிற வேலைக்காரி, எட்டிப்பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரி. எல்லாம் பேச்சு வேஷம். நாயகியாக வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கம்பெனி நாடகத்தில் சட்டம் ஒன்று உண்டு: முழு நாடகமும் நாயகியின் கட்டையில்தான் ஓடும். எங்கள் நாயகி வனமாலா அக்கா. மைசூர்த் தமிழ்க்காரர். ஐந்தரைக் கட்டையில் மணி அடித்த மாதிரிப் பாடுவார். அந்த உயரத்தில் நான் வாயைத் திறந்தால் கீச்சென்று வரும், கொட்டகை சிரிக்கும். கிழவி வேஷக்காரிகள் எல்லோருமே அப்படிக் கத்திச் சிரிப்பு வாங்கித்தான் பிழைத்தார்கள். அது பாட்டு இல்லை, வேடிக்கை.

என் இருபத்தேழாவது வயதில், மாமியார் வேஷம் போட்ட அம்மாள் முட்டிவலி என்று ஊருக்குப் போய்விட்டார். வேஷம் எனக்கு வந்தது. தேங்காய் எண்ணெயில் வெள்ளைப் பொடியைக் குழைத்துச் சீப்பில் தடவி, நெற்றியிலிருந்து பின்னால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும், அப்போதுதான் நரை இயல்பாக இருக்கும். முகத்தில் கோடு போடும் முன் புருவத்தைச் சுருக்கிப் பார்த்து, தானாகக் கோடு விழுகிற இடத்தில் மட்டும் மை தொட வேண்டும். முன்பல் ஒன்றில் கறுப்பு மெழுகு ஒட்டி ஓட்டைப் பல்லாகக் காட்டுவது வழக்கம். நான் ஒட்டிக்கொண்டு நின்றபோது ஆர்மோனிய மேஷ்ட்ரு பார்த்தார்.

"அத எடுத்துரு," என்றார். "சிரிக்க வெக்கறதுக்கு இல்ல நீ."

பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்தவர் இவர்தான். புட்டையா மேஷ்ட்ரு; கன்னடத்தில் மேஷ்ட்ரு என்றால் வாத்தியார். கொள்ளேகாலில் பட்டு நெய்கிற குடும்பம், தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, தடித்த கண்ணாடி. மேடைக்கு முன்னால் பள்ளத்தில், ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, காலால் மிதிக்கிற பெரிய ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்திருப்பார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. சுருதி விலகினால் இரண்டு கையையும் ஆர்மோனியக் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். ஆர்மோனியம் நின்றால் நம் குரல் மட்டும் நடு ரோட்டில் அம்மணமாக நிற்கிற மாதிரி இருக்கும். பெரிய பெரிய ராஜபார்ட்காரர்கள் அந்தக் கைக்குப் பயந்து வியர்த்ததைப் பார்த்திருக்கிறேன்.

அவர் எனக்காக ஒரு பாட்டு கட்டினார். கடைசிக் காட்சியில் மாமியார் கட்டிலில் கிடக்கிறாள். ஏழு வருஷமாக மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தன் குடத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் மொள்ள விட்டதில்லை. இப்போது அவள் கையாலேயே தண்ணீர் கேட்கிறாள். உன் பேர் என்னம்மா, தண்ணி குடுக்கறவ பேர் தெரியாம நான் போகக்கூடாதே என்று கேட்கிறாள். மருமகள் சொம்பை எடுத்துவருவதற்குள் உயிர் போய்விடுகிறது. பாட்டு இரண்டரைக் கட்டையில்.

தினமும் காலை பத்து மணிக்கு இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு என்னை மல்லாக்கப் படுக்க வைப்பார். தன் தொப்பியைக் கழற்றி என் வயிற்றின் மேல் வைப்பார். "தொப்பி ஏறோணும், எறங்கோணும். தோள் அசையக் கூடாது," என்பார். தலையணை நாலு விரல் உயரத்துக்கு மேல் இருந்தால் தொண்டை மடங்கும் என்று விரல் வைத்தே அளப்பார். மேலே தொங்குகிற நடு மைக்குக்கு நேராகக் கட்டிலின் தலைமாடு வர வேண்டும் என்று மேடையில் சுண்ணாம்பால் நாலு புள்ளி வைத்தார். இரண்டு மாதம் இப்படி. ஒருநாள் தொப்பி ஏறி இறங்கியது, தோள் அசையவே இல்லை. மேஷ்ட்ரு அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கல்கண்டைத் தின்றார். அது அவர் சந்தோஷம்.

வனமாலா அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. என் பாட்டு முடிந்ததும் அவருடைய ஒப்பாரிப் பாட்டு, ஐந்தரையில். "ஜனங்க காது ரெண்டும் கீழ எறங்கி உக்காந்திருக்கும். அவ எறங்கின குழியிலேருந்து நான் ஏறி வரணுமா மேஷ்ட்ரே?" என்று நேருக்கு நேர் கேட்டார். நியாயமான கேள்விதான். கம்பெனி முதலாளியான யஜமானருக்கும் பிடிக்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, அவர் கன்னடத்தில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்: "மாமியார் பாடினால் ஜனங்கள் டீ குடிக்க எழுந்துவிடுவார்கள். மூன்று நாள் தருகிறேன். ஒரு ஒன்ஸ் மோராவது விழ வேண்டும். விழாவிட்டால் பாட்டு கிடையாது. வேஷத்தையும் நகைச்சுவைக்காரருக்குப் புடவை கட்டிக் கொடுத்துவிடுகிறேன்."

ஒன்ஸ் மோர்தான் எங்களுக்குச் சோறு. பாட்டு பிடித்தால் ஜனங்கள் அப்படிக் கத்துவார்கள், கத்தினால் கதை நின்று பாட்டு மறுபடி ஓடும். போருக்குப் புறப்பட்ட ராஜா பாதி வழியில் திரும்பி வந்து பாடுவார். மேடைக்குப் பின்னால் யஜமானரே ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தார்: ஜனங்கள் கேட்டால் யாரும் மறுக்கக் கூடாது.

மைசூரில் தசராக் கூட்டத்துக்காகக் கொட்டகை போட்டிருந்த சமயம். வியாழக்கிழமை முதல் தடவை பாடினேன். யஜமானர் சொன்னது போலவே நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன, ஆட்கள் போண்டாவுக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை தகரக் கூரையில் மழை, பாடியது எனக்கே கேட்கவில்லை. சனிக்கிழமை வானம் வெளுத்திருந்தது, கொட்டகை நிறைந்திருந்தது. முழுப் பாட்டையும் குறையில்லாமல் பாடினேன். பாடி முடித்துச் செத்தேன். ஒரு சத்தம் இல்லை. விசில் இல்லை, கைதட்டல் இல்லை, ஒன்ஸ் மோர் இல்லவே இல்லை.

"பார்த்தாயா," என்றார் யஜமானர். "கொட்டகையே தூங்கிவிட்டது."

நானும் அப்படித்தான் நினைத்தேன். மேஷ்ட்ருவும் ஆர்மோனியத்துக்கு உறையைப் போட்டார். கத்தலையே பிழைப்பாக வைத்திருந்த எங்கள் ஒருவருக்கும் அமைதியைப் படிக்கத் தெரியவில்லை. ஞாயிறு மதிய ஆட்டத்தில் பாட்டு கிடையாது, இரண்டு இருமல் இருமிவிட்டுச் செத்துவிடு என்று உத்தரவு. திங்கள் முதல் வேஷமும் கிடையாது. ஞாயிறு காலையில் என் தகரப் பெட்டியில் துணிகளை அடுக்கினேன். அழுதேன், பிறகு முகம் கழுவி நரை பூசிக்கொண்டேன்.

மதியம் மூன்று மணி ஆட்டம். பெண்கள் பக்கம் பிள்ளை குட்டிகளோடு நிரம்பி வழிந்தது. கடைசிக் காட்சியில் சொன்னபடி இரண்டு தடவை இருமினேன், கையை நீட்டினேன், செத்தேன். வனமாலா அக்கா சொம்போடு ஓடி வந்து "அத்தே!" என்று அலறினார். மேஷ்ட்ரு ஐந்தரையில் ஒப்பாரிக்குச் சுருதி கொடுத்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கன்னடத்தில் எழுந்தது.

"ஏம்மா, தண்ணி கேட்கிற பாட்டு எங்கே? நேற்று இருந்ததே! அதைக் கேட்கட்டும் என்றுதானே எங்கள் மாமியாரைக் கூட்டி வந்திருக்கிறேன்!"

கொட்டகை குபீரென்று சிரித்தது. இன்னொரு பெண்ணும் ஆமாம் ஆமாம் என்றாள். நேற்று வந்தவர்கள் பலர் மறுபடி வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேலரியிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஒன்ஸ் மோர்!" அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர் என்று தகரம் அதிர்ந்தது. பாடவே பாடாத பாட்டுக்கு ஒன்ஸ் மோர் கேட்டதை என் வாழ்நாளில் அன்றைக்கு மட்டும்தான் கண்டேன்.

நானோ பிணம். கண் மூடியிருக்கிறது, திறக்க முடியாது. பக்கத் தட்டியில் திரை இழுக்கிறவர், "விட்டுடட்டுமா?" என்று கேட்பது காதில் விழுந்தது. யஜமானர் எப்படி விடச் சொல்வார்? அவர் மாட்டிய பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வனமாலா அக்கா அழுகிற பாவனையில் என் மேல் கவிழ்ந்தார்.

"மாதம்மா, எந்திரிக்காதே. படுத்தபடியே பாடு."

"அப்ப உங்க பாட்டு, அக்கா?" என்றேன், உதடு அசையாமல்.

"அது கெடக்கட்டும் மாராய்த்தி. பாடு!"

ஐந்தரைச் சுருதி ஓய்ந்தது. கீழே, இரண்டரையில், ஒற்றைக் கட்டை அழுந்தி நின்றது. செத்துப் போனவள் பாட ஆரம்பித்தேன்.

முதல் அடி போயிற்று. இரண்டாவது அடி போயிற்று. உன் பேர் என்னம்மா என்கிற இடத்துக்கு வந்தபோது ஆர்மோனியம் நின்றுவிட்டது. மேஷ்ட்ரு கையை எடுத்துவிட்டார்! எங்கே விலகினேன்? நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. திரும்பிப் பார்க்கவும் வழியில்லை, பிணம் திரும்பிப் பார்க்குமா? வயிற்றின் மேல் அந்தக் கறுப்புத் தொப்பி இருப்பதாக நினைத்துக்கொண்டேன். தொப்பி ஏறியது, இறங்கியது. சுருதி இல்லாமல், தாளம் இல்லாமல், அத்தனை பெரிய கொட்டகையில் என் குரல் மட்டும். கடைசியில் தண்ணி என்ற சொல்லை நீட்டி இறக்கி வைக்கும்போது, கீழே பள்ளத்திலிருந்து மெதுவாக ஒரு கட்டை ஒலித்தது. இரண்டரை. என் குரல் அதன் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

பிறகு அமைதி. அதே சனிக்கிழமை அமைதி. இந்தத் தடவை அது தூக்கம் இல்லை என்று மேடையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வனமாலா அக்கா தன் பாட்டைப் பாடவில்லை. போர்வையை இழுத்து என் முகத்தை மூடிவிட்டு, திரைக்குக் கை காட்டினார். திரை பாதி இறங்கிய பிறகுதான் கைதட்டல் வந்தது. யஜமானர் நேரே மேடைக்கு வந்தார். பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவரின் நோட்டை வாங்கி, தன் கையாலேயே எழுதினார்: மாமியார் பாடிவிட்டுச் சாகிறாள். கேட்டால், செத்த பிறகும் பாடுவாள். முப்பது வருஷம் அந்த வரி மாறவில்லை. நகைச்சுவைக்காரருக்கு எடுத்து வைத்த புடவையை நானே உடுத்திக் கிழித்தேன்.

மேஷ்ட்ரு பள்ளத்திலிருந்து ஏறி வரும் வரை காத்திருந்தேன். பயம் இன்னும் போகவில்லை.

"எங்க மேஷ்ட்ரு தப்பு பண்ணினேன்? நடுவுல கைய எடுத்துட்டீங்களே?"

அவர் கண்ணாடி கையில் இருந்தது. கண் சிவந்திருந்தது.

"தப்பெல்லாம் இல்ல கண்ணு. கண்ணாடிய கழட்ட ஒரு கை, கண்ணத் தொடைக்க ஒரு கை. ஆர்மோனியத்துக்கு மூணாவது கைக்கு நான் எங்க போவேன்?"

ரக்ஷிதா, நீ கேட்டதற்கு இதுதான் என் பதில். வனமாலா அக்காவுக்கு விழுந்த ஒன்ஸ் மோருக்குக் கணக்கே இல்லை. ஆனால் அவர் பாட்டுக்கு மேஷ்ட்ரு ஒருநாளும் கையை எடுத்ததில்லை.